ஸ்டாண்டு இல்லாத சைக்கிள்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிளின் அந்தஸ்து என் ஆயுளுக்குள்ளேயே இரண்டு முறை தலைகீழாகியிருக்கிறது. நான் பிறந்த காலத்தில் சைக்கிள் வைத்திருந்தவர் மாப்பிள்ளை. சீர்வரிசையில் கைக்கடிகாரத்துக்கு அடுத்த இடம் அதற்கு. வாங்கித் தராத மாமனாரைப் பற்றிப் பொங்கலுக்குப் பொங்கல் பேச்சு எழும். நான் வேலைக்குப் போன காலத்தில் சைக்கிள் வைத்திருந்தவர், ‘இன்னும் சைக்கிள்தானா?’ என்று கேட்கப்படுகிறவர். மொபெட் வந்தது, பைக் வந்தது, மிதிப்பது இல்லாதவன் வேலையாகிப் போனது. இப்போது நான் ஓய்வூதியம் வாங்கும் காலம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கூடலூர் சாலையில் வரிசையாக மிதித்துப் போகிறவர்களில் டாக்டர் உண்டு, வக்கீல் உண்டு, சொந்தமாக நூற்பாலை வைத்திருப்பவரும் உண்டு. கார் இல்லாதவர் மட்டும் இல்லை. சைக்கிளே காரில்தான் வந்து இறங்குகிறது.

அந்த வரிசையின் வால் நான். விரும்பிச் சேர்ந்ததல்ல. ரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்த்ததும் டாக்டர் இரண்டு கட்டளை போட்டார். ஒன்று, சைக்கிள் மிதியுங்கள். இரண்டு, திராட்சையைத் தொடாதீர்கள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே குடியிருப்பவனிடம் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதற்குத் தனி மனசு வேண்டும். விஷயம் பெங்களூரில் கணினி வேலையில் இருக்கும் அக்கா மகன் காதுக்குப் போயிற்று. “மாமா, நான் புதுசு வாங்கிட்டேன். என் பழசை நீங்க வச்சுக்கங்க” என்று காரின் கூரையில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினான். அவனுடைய பழசு என் ஸ்கூட்டரைவிட விலை கூடுதல்.

அதை எங்கே நிறுத்துவது என்பதுதான் முதல் சிக்கல். ஸ்டாண்டு இல்லை. கேரியர் இல்லை. மட்கார்டு, செயின்கார்டு, பெல் ஒன்றும் இல்லை. வாசல் தூணில் சாத்தி வைத்துவிட்டு, “மிச்ச சாமானெல்லாம் எப்ப வரும் மாப்ள?” என்று கேட்டேன்.

“இம்புட்டுத்தான் மாமா. வெயிட்டக் குறைக்க எல்லாத்தையும் எடுத்திருக்காங்க.”

எடுத்ததற்குத்தான் அந்த விலை. எதையும் எடுக்காத சைக்கிள் டவுனில் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. அவனுடைய புதிய சைக்கிள் கார்பன், எட்டுக் கிலோ. ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினான். பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் விதியே போட்டிருக்கிறது என்றான். நல்ல வேளை, இல்லாவிட்டால் சக்கரத்தையும் எடுத்திருப்பார்கள்.

என் தாய்மாமா வைத்திருந்தது ஹெர்குலிஸ். அம்பத்தூரில் செய்தது. வெறும் வண்டியே 20 கிலோவுக்குக் குறையாது. அதன் மேல் அவர் சேர்த்த அலங்காரம் தனி. முன்னால் டைனமோ விளக்கு. ஹாண்டில்பாரில் தூக்குச்சட்டி மாட்ட ஒரு கொக்கி. சீட்டுக்குக் குஞ்சம் வைத்த உறை. சக்கர நடுவில் ஹப்பைத் துடைத்துக்கொண்டே சுற்றும் வண்ண வளையம். பஞ்சாயத்துக்கு சைக்கிள் வரி கட்டியதற்கு அத்தாட்சியாக ஒரு தகர வில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும். இவ்வளவும் போதாதென்று கேரியரில் இரண்டு பக்கமும் மூங்கில் கூடைகள். அடியில் செய்தித்தாள் விரித்து அடுக்கிய பன்னீர் திராட்சை.

சுருளிப்பட்டித் தோட்டத்தில் விடியுமுன் வெட்டிய பழத்தைக் கம்பத்து மண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். தூரம் பெரிதல்ல. சாலைதான் பெரிது, குழியும் மேடுமாக அது இரண்டு மடங்கு நீளும். பன்னீர் திராட்சையின் தோல் அப்படியொன்றும் கெட்டியில்லை. ஒவ்வொரு குழிக்கும் அடியில் இருக்கும் கொத்து கொஞ்சம் நசுங்கும். மண்டி வாசலுக்கு வரும்போது மட்கார்டில் சாறு வழிந்து காய்ந்திருக்கும். பின்னாலேயே குளவிகள் ஊர்வலம். ஏலக்காரர் கூடைக்குள் கையை விட்டுப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். அந்தச் சுளிப்புக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. எனவே மாமா குழியான இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். ஆக, அவர் சைக்கிளில் போனார் என்பதைவிட சைக்கிளோடு போனார் என்று சொல்வதே சரி.

இருபது கிலோ வண்டி அறுபது கிலோ பழம் சுமந்தது. எட்டுக் கிலோ வண்டி சுமப்பது இரண்டு தண்ணீர் பாட்டில். இதை மருமகனிடம் சொன்னேன். “அதான் மாமா எஃபிஷியன்சி” என்றான்.

நாங்கள் சைக்கிள் பழகியது வாடகைக் கடையில். மணிக் கணக்கு, நோட்டுப் புத்தகம், மட்கார்டில் பெயின்ட்டால் எழுதிய எண். கால் எட்டாதவனுக்குக் குரங்குப் பெடல். இதைப் பற்றித் தமிழில் வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. ஒரு சினிமாவே வந்துவிட்டது. விடுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்குத் திராட்சைத் தோட்டம் என்றால் சினிமாவில் பார்த்த ஐரோப்பியச் சரிவு நினைவுக்கு வரும்: குன்றின் மேல் வகிடெடுத்த வரிசைகள், உச்சியில் ஒரு கல் வீடு. எங்கள் ஊர்த் தோட்டம் வேறு. ஆள் உயரத்துக்குக் கல்தூண் நட்டு, மேலே கம்பிப் பின்னல் இழுத்து, கொடியை அதில் படரவிடுவோம். பந்தல். கொத்துகள் கீழே தொங்கும். மேகமலைச் சாலையில் சின்னமனூரிலிருந்து ஏறினால், சங்க காலப் பூக்களின் பெயர் சூட்டிய 18 கொண்டை ஊசி வளைவுகளில் நாலைந்து கடந்ததும் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரியும். நெல் வயல், தென்னை, வாழை, இடையிடையே இந்தப் பந்தல்களின் பச்சைக் கூரைகள். எங்கள் குழுவில் எல்லோரும் அந்த இடத்தில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். அது ஓய்வுக்காக அல்ல என்பதும் சம்பிரதாயம்.

அந்தக் கூரைக்குக் கீழே நிற்கிறவருக்கு மலை தெரியாது. நாள் முழுக்க அண்ணாந்து, கொத்தில் பிஞ்சு களைந்து, இலை கிள்ளி, கவாத்து வெட்டிக் கழுத்து பிடித்துப்போன பெண்களுக்குத் தெரிவது இலையும் கம்பியும்தான். மாமா மலையைப் பார்ப்பார். அடிக்கடி பார்ப்பார். ரசித்து அல்ல. மேற்கே குமுளிப் பக்கம் மேகம் கறுக்கிறதா என்று. பழம் கனியும் நேரத்தில் மழை விழுந்தால் தோல் வெடித்துவிடும். வெடித்த பழத்தை மண்டிக்காரர் தொட மாட்டார். எங்கள் குழுவும் ஞாயிற்றுக்கிழமை அதே மேற்கைப் பார்க்கிறது. ஒருவர் சொல்கிறார்: “மேகம் இறங்குது சார், இன்னைக்கு செம கிளைமேட்!” பந்தலுக்குள்ளிருந்து ஒரு பெரியவரும் அதே மேகத்தைப் பார்க்கிறார். அவர் சொல்வதை இங்கே அச்சிட முடியாது.

திராட்சைத் தோட்டத்து ஓரச் சாலையில் சைக்கிள் ஓட்டுவதில் அந்தக் காலத்தில் ஒரு சோதனை இருந்தது. பந்தல் வேலியைத் தாண்டிச் சாலைப் பக்கம் கொத்து தொங்கும். வண்டியை நிறுத்தக்கூட வேண்டாம். கையை நீட்டினால் போதும். பள்ளிக்கூடம் விட்டு வரும் கூட்டம் முழுவதும் இடது கையால் ஹாண்டிலைப் பிடிக்கப் பழகியதே அதனால்தான். ஆனால் சாலையோரக் கொத்துகள் மட்டும் எப்போதும் நீலமும் வெள்ளையுமாகப் பொடி படிந்து கிடக்கும். “டேய், மருந்து அடிச்சிருக்கு. தின்னீங்க, அங்கிட்டே சுருண்டு விழுவீங்க!” என்று தோட்டக்காரர் உள்ளேயிருந்து கத்துவார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவை அது. உள்ளே இருக்கும் கொடிகளுக்கு அடித்தாரோ இல்லையோ, ஓரத்துக்குத் தவறாமல் அடித்துவிடுவார்.

அவர் கெட்டிக்காரத்தனமாகச் செய்ததாக நாங்கள் நினைத்தோம். பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கலவை பிறந்ததே அப்படித்தான் என்று. பிரான்ஸில் போர்டோ பக்கம் மெதோக் என்ற திராட்சைப் பிரதேசம். அங்கேயும் சாலையோரக் கொத்தை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்றார்கள். தோட்டக்காரர்கள் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து ஓரக் கொடிகளில் பூசி, விஷம் என்று பயமுறுத்தினார்கள். 1882இல் அந்த வழியாகப் போன மிலார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அடிச்சாம்பல் நோயில் தோட்டமே இலையுதிர்ந்து நிற்க, பூசிய ஓரக் கொடிகள் மட்டும் பச்சையாக இருந்தன. ஆராய்ந்து 1885இல் வெளியிட்டார். உலகத்துத் திராட்சையைக் காப்பாற்றிய மருந்து, வழிப்பறிக்குப் பயந்து வைத்த பூச்சாண்டி. அதாவது உலக வேளாண்மைக்கு எங்களைப் போன்ற பையன்களும் ஏதோ செய்திருக்கிறோம். இதற்கெல்லாம் யாரும் நன்றி சொல்வதில்லை.

இப்போது அதே சாலையில் அதே கொத்துகள் தொங்குகின்றன. கை நீட்டினால் தோட்டக்காரர் கத்த மாட்டார். “வாங்க சார், பறிச்சுக்கங்க” என்பார். ஆசிரியராக இருந்தவன் என்ற மரியாதை. ஆனால் மருந்து இப்போது இலையில் இல்லை, என் சட்டைப்பையில் இருக்கிறது. காலை ஒன்று, இரவு ஒன்று.

பிரான்ஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பள்ளத்தாக்குக்கும் அந்த நாட்டுக்கும் பூர்வ ஜென்ம பந்தம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்போது வந்த செய்திகளெல்லாம், 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் இந்தப் பழத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்றன. மஸ்கட் ஹாம்பர்க் என்ற இந்த ரகமோ, 1850 வாக்கில் இங்கிலாந்தில் இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கப்பட்டது என்கின்றன திராட்சையைப் பற்றிய நூல்கள். பிறப்பதற்கு முன்பே எங்கள் ஊருக்கு வந்துவிட்ட பழம். நாங்கள் அழைத்தால் யாரும் தட்ட மாட்டார்கள்.

குறியீடு கிடைத்த சேதியை மருமகன்தான் முதலில் சொன்னான். பெங்களூரில் அவன் நண்பர்களெல்லாம் வாழ்த்தினார்களாம். நான் அதைச் சுருளிப்பட்டியில் ஒரு தோட்டக்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லதுதான் சார். அந்தக் குறியீட்டை எந்த மண்டியில காட்டணும்?” என்றார். தமிழ்நாட்டில் விளையும் பன்னீர் திராட்சையில் பெரும்பகுதி எங்களுடையது. ஆண்டு முழுக்க ஏதாவதொரு தோட்டத்தில் பழம் இருக்கும். கவாத்து முடிந்து நாலு மாதத்தில் அறுவடை. வேறெங்கும் இல்லாத வரம் இது என்று கட்டுரைகளில் எழுதுகிறார்கள். ஆண்டு முழுக்கப் பழம் என்றால் ஆண்டு முழுக்க விலை இறங்கவும் வாய்ப்பு உண்டு என்பதை அவர்கள் எழுதுவதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் எங்களை அத்தோடு விடவில்லை. மருமகன் ஓட்டும் நெடுந்தூர சைக்கிள் பயணமும் அங்கிருந்து வந்ததுதான். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும், 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தால் ‘சூப்பர் ராண்டனர்’ பட்டம். வழியில் குறிப்பிட்ட இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். டீக்கடை ரசீது இருந்தாலும் செல்லுமாம். அவன் அந்த அட்டைகளையெல்லாம் சட்டம் போட்டு வைத்திருக்கிறான். மாமா சந்தை நாளில் தேனிக்குப் போய்த் திரும்புவார். போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது. அவரிடமும் டீக்கடைக் கணக்கு இருந்தது. அது கடைக்காரர் நோட்டில், பாக்கியாக.

மலை ஏறுவதற்கு வருவோம். லோயர்கேம்ப்பிலிருந்து குமுளி வரை ஆறேழு கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 400 மீட்டர் உயரம். பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, ராட்சதக் குழாய்களில் விழுந்து, மின்சாரம் தந்துவிட்டு, பிறகு எங்கள் வயலுக்கு வருகிறது. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை. எங்கள் வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் இருக்கும்; பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறோம். தண்ணீர் இறங்கும் அந்தச் சரிவில் எதிர்த்து ஏறுகிறோம் நாங்கள், சும்மா.

அந்தக் காலத்தில் யாரும் சும்மா ஏறவில்லை. சைக்கிளை மிதித்துக் குமுளி ஏறலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் கோடங்கியிடம் அழைத்துப் போயிருப்பார்கள். தள்ளிக்கொண்டு ஏறுவார்கள். கேரியரில் மூட்டை இருக்கும். மூட்டையில் என்ன என்று கேட்பது மரியாதையல்ல. மேலே கேரளாவில் அரிசிக்கு விலை கூட என்பதைத் தவிர வேறெதையும் நான் சொல்லப் போவதில்லை. ஏறுவது பெரிதல்ல, இறங்குவதுதான் வித்தை. கம்பி பிரேக்கை நம்பி அந்த வளைவுகளில் இறங்கியவர்கள் திரும்பி வந்து சொன்னதில்லை. ஒரு பெரிய மரக்கிளையை வெட்டிப் பின்னால் கயிற்றில் கட்டி, சாலையில் தேய்த்து இழுத்துக்கொண்டே இறங்குவார்கள். கீழே வந்ததும் கிளை வீட்டு அடுப்புக்கு. பிரேக்கை எரித்துச் சோறு பொங்கியவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

இப்போது டிஸ்க் பிரேக். விரல் நுனியில் தொட்டால் நிற்கிறது. இருபத்து நாலு கியர். கால் செருப்பே மிதியோடு பூட்டிக்கொள்கிறது. ஏறும்போது ஒவ்வொருவர் நேரத்தையும் செயற்கைக்கோள் குறித்துக்கொள்ள, முதல் இடத்தில் இருப்பவருக்குச் செயலி ‘மலை ராஜா’ பட்டம் கொடுக்கிறது. குமுளி மலைக்கு யார் ராஜா என்று எங்கள் குழுவில் ஒரு மனஸ்தாபமே நடந்தது; இரண்டு பேர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

உண்மையான ராஜாக்கள் ஜீப்காரர்கள். விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர், சுற்றுப்பட்டிகளிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு மலை ஏறுகிறார்கள். உட்கார இடமில்லாமல் நெருக்கியடித்து, தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தினமும் போகிற பெண்கள். எட்டு மணிக்குள் தோட்டத்தில் இருக்க வேண்டும். வளைவில் அந்த ஜீப்புகள் உரசிக்கொண்டு போகும்போது எங்கள் குழு இளைஞர்கள் முஷ்டியை உயர்த்தி ஆங்கிலத்தில் திட்டுகிறார்கள். ஜீப்புக்குள்ளிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்து, “ஏத்தா, வெள்ளனவே இந்தப் பிள்ளைக எங்க வேலைக்குப் போகுதுக?” என்று பக்கத்தில் கேட்டது எனக்குக் கேட்டது. வேலைக்கல்ல, திரும்பி வருவதற்காகப் போகிறோம் என்று சொல்ல அந்த மூச்சிரைப்பில் வாய் வரவில்லை.

உடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றினால் ஊர்வலம் கிளம்பத் தயார். எனக்கு உடம்போடு ஒட்டும் உடுப்பு ஒன்றை மருமகன் வாங்கித் தந்தான். உள்ளே மெத்தை. அதைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வர எனக்குத் தைரியம் இல்லை. முதலில் அதன் மேல் வேட்டி கட்டிக்கொண்டு ஊர் எல்லை வரை போய், அங்கே அவிழ்த்து மடித்து வைத்துக்கொள்வேன். வைக்கக் கேரியர் இல்லை என்பதால் கழுத்தில் சுற்றிக்கொள்வேன். இதைப் பார்த்துத்தான் சுருளிப்பட்டியில் ஒரு பாட்டி, “வாத்தியாருக்கு பென்சன் நின்னுபோச்சா?” என்று விசாரித்ததாகத் தகவல்.

ஆடி மாதம் வந்தால் உடுப்பெல்லாம் ஒன்றுதான். குமுளிக் கணவாய் வழியாக இறங்கும் தென்மேற்குக் காற்று பள்ளத்தாக்கு நெடுக அடிக்கும். தேனியிலிருந்து கம்பம் நோக்கி வருகிறவருக்கு நேர் எதிர். அம்மியே பறக்கும் மாதத்தில் எட்டுக் கிலோ வண்டி என்ன செய்யும்? சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அதுவாகப் போகும். அந்த ஒரு மாதம் மட்டும் இருபது கிலோ ஹெர்குலிஸின் அருமை தெரியும். கூடைப் பழத்தோடு மாமா அந்தக் காற்றில் தேர் மாதிரி அசையாமல் போவார். நிமிர்ந்து உட்காரும் வண்டியாதலால் காற்று முழுவதும் நெஞ்சில்தான். எங்கள் குழுவில் குனிந்து படுத்துக்கொள்கிறார்கள், ‘ஏரோடைனமிக்ஸ்’. மாமாவுக்குக் குனிவதற்கு வேறு இடங்கள் இருந்தன.

சைக்கிள்காரர்கள் வழியில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம். ஒரு விரல் நீளப் பொட்டலம். கிழித்து வாயில் பிழிந்தால் கூழாக ஒன்று வரும். ஸ்ட்ராபெர்ரி வாசனை. உடனே சக்தி. ஒரு பொட்டலம் நூறு ரூபாய்க்கு மேல். பொட்டலத்தில் இருப்பது குளுக்கோஸ். தலைக்கு இரண்டடி தள்ளிப் பந்தலில் தொங்குவதும் குளுக்கோஸ். நிறுத்தி ஒரு கொத்து வாங்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். “சராசரி வேகம் குறைஞ்சிரும் சார்.” கிழித்த பொட்டலங்கள் வேலியோரத்தில் கிடக்கின்றன. ஆடு அவற்றை முகர்ந்து பார்த்துவிட்டு ஆவாரஞ்செடிக்குப் போய்விடுகிறது. ஆட்டின் தீர்ப்பில் எனக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு.

2020ஐ மறக்க முடியாது. ஏப்ரலில் ஊரடங்கு. லாரி ஓடவில்லை, வியாபாரிகள் வரவில்லை, கேரள எல்லை மூடிவிட்டது. பழுத்த திராட்சை கொடியிலேயே கிடந்து அழுகியது. பந்தலுக்குக் கீழே நடந்தால் செருப்பு ஒட்டும். காற்றில் புளித்த வாடை. தெரிந்தவர்கள் கூடை கூடையாக வீட்டுக்குக் கொண்டுவந்து சும்மா கொடுத்தார்கள். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. அதே ஆண்டில்தான் உடற்பயிற்சிக் கூடங்கள் மூடியிருக்கின்றனவே என்று நகரங்களில் ஆளாளுக்கு சைக்கிள் வாங்கக் கிளம்பினார்கள். உலகம் முழுவதும் தட்டுப்பாடு. மருமகன் புது சைக்கிளுக்குப் பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தான். “சப்ளையே இல்ல மாமா, கொடுமை” என்று தொலைபேசியில் புலம்பினான். சப்ளை மிதமிஞ்சிப்போன கொடுமையை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோமே என்று ஒருநாள் பேச்சு வந்தது. மருமகன் ஒரு காணொளி காட்டினான். இத்தாலியில் டஸ்கனி, கியாந்தித் திராட்சைக் குன்றுகள். ‘லெரொய்க்கா’ என்று ஒரு விழா. 1997 முதல் நடக்கிறது. தார் போடாத வெள்ளை மண் சாலைகளிலும் ஓட்ட வேண்டும். சைக்கிள் 1987க்கு முன்பு செய்ததாக இருக்க வேண்டும். உடுப்பும் அந்தக் காலத்துக் கம்பளிச் சட்டை. வழியில் ரொட்டி, வைன், உள்ளூர்ச் சாப்பாடு. உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கில் காசு கட்டி வருகிறார்கள், குழியும் புழுதியுமான சாலையில் பழைய சைக்கிள் ஓட்ட. அந்த மண் சாலைகளைத் தார் போடாமல் காப்பாற்றுவதும் விழாவின் நோக்கமாம். எங்கள் ஊர்ச் சாலைகள் பல ஆண்டுகள் அதே நிலையில் இருந்தன; அதைப் பாரம்பரியப் பாதுகாப்பு என்று சொல்லலாம் என்பது அப்போதைய அதிகாரிகளுக்குத் தோன்றாமல் போய்விட்டது.

“தாத்தாவோட சைக்கிள் இருந்திருந்தா அங்க கொண்டு போயிருக்கலாம் மாமா” என்றான் மருமகன். விதிகளை வாங்கிப் படித்துப் பார்த்தேன். முடியாது. அது பந்தய சைக்கிளாக இருக்க வேண்டும். பாரம் சுமந்த சைக்கிளுக்கு அங்கேயும் அனுமதியில்லை.

மாமாவின் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஐம்பது வயதிலேயே அவருக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. இன்றைக்கு டெம்போ தோட்டத்துக்கே வருகிறது. பிளாஸ்டிக் பெட்டியில் பழம் நசுங்காமல் போகிறது. யாருடைய மகனும் அறுபது கிலோவைக் கேரியரில் கட்ட வேண்டியதில்லை. நல்லது. சாலை வழவழவென்று இருக்கிறது; அதுவும் நல்லது. இரண்டு லட்ச ரூபாய் வண்டியில் வருகிறவர்களும் நல்லவர்கள்தான். வியர்க்கிறார்கள், சிரிக்கிறார்கள், யாருக்கும் கெடுதல் நினைப்பதில்லை. என்ன, எங்கள் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து வெளியேறுகிற வரை ஒரு ரூபாய்கூட அவர்கள் கையிலிருந்து எந்தத் தோட்டத்திலும் விழுவதில்லை. கேட்டால், வாங்கி எதில் வைப்பது சார், கேரியர் இல்லையே என்கிறார்கள்.

ஆகவே கம்பம் பக்கம் சைக்கிளில் வரப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆடிக் காற்றில் வராதீர்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் மலைச் சாலையை நிறைத்திருக்கும், கூட்டம் மிகுந்தால் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிக் குமுளி வழியாக இறக்கி ஒருவழிப் பாதையாக்கி விடுவார்கள், அப்போதும் வேண்டாம். தைக்குப் பிறகு வாருங்கள். காலை ஆறிலிருந்து எட்டு வரை மலையில் ஜீப்புகளுக்கு வழி விடுங்கள். உள்ளே இருக்கும் பெண்களுக்கு நேரமாகிவிட்டால் அரை நாள் கூலி போய்விடும், உங்களுக்கு அப்படியில்லை. பொட்டலத்தைக் கிழித்தால் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று எந்த ஊர்ப் பந்தல் ஓரத்திலாவது நிறுத்தி, பழம் கேளுங்கள். விலையைக் குறைத்துப் பேசாதீர்கள். உங்கள் உடுப்பின் முதுகில் மூன்று பைகள் இருக்கின்றன. நடுப்பையில் அரைக் கிலோ தாராளமாகக் கொள்ளும், நான் வைத்துப் பார்த்திருக்கிறேன். தின்னும் முன் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.